கியர்பாக்ஸே போச்சு என்றார்கள், போனது ஒரு சொலினாய்டு

மூன்று மாத அலைச்சல் போன வாரம்தான் முடிந்தது. ஜப்பானில் ஓடிய காரை இறக்குமதியாக வாங்கி வைத்திருக்கும் யாருக்காவது ஒரு கியர்பாக்ஸ் செலவு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். சொலினாய்டு என்பது கியர் மாறுவதற்காக ஆயில் பாதையை மின்சாரத்தால் திறந்து மூடும் சின்ன வால்வு.

என் வண்டி முன்சக்கர டிரைவ், ஆறு கியர் ஆட்டோமேட்டிக். கிளம்பும்போது ஒரு குறையும் இருக்காது. நாற்பது நிமிடம் ஓடிச் சூடேறியதும் ஒரு வெட்டு வெட்டும், எஞ்சின் விளக்கு எரியும், அதோடு மூன்றாவது கியரிலேயே நின்றுவிடும். 60 கிலோமீட்டர் வேகத்துக்கே எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் 3,500-ஐத் தொடும். அணைத்து ஆறவிட்டால் மறுபடி சரியாக ஓடும். இந்த 'ஆறினால் சரியாகிறது' என்பதை நான் எல்லோரிடமும் சொன்னேன். முதலில் பார்த்தவர்கள் யாரும் அதைக் காதில் வாங்கவே இல்லை.

ஒருநாள் வழியில் நின்றபோது வண்டியை இழுக்க வந்தவர் கயிற்றோடு வந்தார். நான் விடவில்லை. கியர்பாக்ஸுக்குள் ஆயிலைச் சுற்றவைக்கும் பம்ப், எஞ்சின் ஓடினால்தான் ஓடும். முன்சக்கரம் தரையில் உருள இழுத்துப் போனால் உள்ளே எல்லாம் ஆயிலில்லாமல் உரசும். வண்டியை மேலே ஏற்றிக்கொண்டு போகும் லாரிக்காக இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். நீங்களும் காத்திருங்கள்.

பட்டறையில் ஸ்கேனரை மாட்டினார்கள், பி0700 என்று வந்தது. "கியர்பாக்ஸ் போச்சு சார், மாத்திடலாம்." ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு. பி0700 என்றால் 'கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு கோளாறு பதிவாகியிருக்கிறது, அங்கே போய்ப் பார்' என்பது மட்டும்தான். உண்மையான கோட் அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும். சாதாரண ஸ்கேனர் அதுவரை போகாது. இது எனக்கு அன்றைக்குத் தெரியாது. முன்பணம் கட்டிவிட்டேன்.

அடுத்தது பார்ட்ஸ் கடை. அவர்கள் கம்ப்யூட்டர் 17 இலக்கச் சேஸிஸ் நம்பர் கேட்டது. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த வண்டிகளில் அந்த நம்பர் அதைவிடச் சின்னது. "உங்க நம்பர் தப்பா இருக்கு" என்று சொல்லிவிட்டு, மாடலையும் வருடத்தையும் வைத்து ஒரு பழைய கியர்பாக்ஸுக்கு ஆர்டர் போட்டார்கள். ஐந்து வாரம் கழித்து வந்தது. போல்ட் ஓட்டையெல்லாம் பொருந்தியது, ஒயர் கனெக்டர் பொருந்தவில்லை. வேறு வகை! என் வண்டியின் பானெட்டைத் திறந்தால் தெரியும் தகட்டிலேயே கியர்பாக்ஸ் குறியீடு அச்சிட்டிருக்கிறது. அந்தத் தகட்டையும், முடிந்தால் உங்கள் கியர்பாக்ஸின் மேலுள்ள எண்ணையும் போட்டோ எடுத்து அனுப்பாமல் ஆர்டரே போடாதீர்கள்.

வெறுத்துப்போய், நண்பர் சொன்ன ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். ஆட்டோமேட்டிக் வண்டி மட்டும்தான் பார்ப்பார். அவர் கேட்ட முதல் கேள்வியே, "சூடானாத்தானே தம்பி இப்படி ஆகுது?" என்பதுதான். எனக்குப் பாதி பாரம் அங்கேயே இறங்கிவிட்டது.

என்னை ஓட்டச் சொல்லி, பக்கத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்தார். வெட்டு விழுந்த அந்த நொடியில் பி0755 என்று வந்தது. அதாவது கியர் மாற்றும் சொலினாய்டுகளில் 'B' என்று பெயரிட்டதன் மின்சுற்றில் கோளாறு. திரும்பி வந்து ஆயிலை இறக்கினார். பழுப்பாகியிருந்தது, ஆனால் கருகிய வாடை இல்லை. அடித்தட்டின் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியிருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்துக் காட்டினார்; மாவு போல இருந்தது. "இது சாதாரணத் தேய்மானம். கையில குத்துற மாதிரி சில்லு இருந்தாத்தான் பயப்படணும்."

அப்புறம் சொலினாய்டைக் கழற்றி மீட்டரை வைத்தார். மின்தடை 13 ஓம். என் வண்டிக்கு 11 முதல் 15 வரை இருக்கலாம், ஆக அது சரி. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் அசரவில்லை, ஹீட் கன்னால் மெதுவாகச் சூடு காட்டினார். எண் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே வந்து, சட்டென்று மறைந்தது. உள்ளே கம்பிச்சுருள் விட்டுப்போயிருக்கிறது, ஆறினால் ஒட்டிக்கொள்கிறது. மூன்று மாதமாக நான் சொல்லிக்கொண்டிருந்ததும் அதைத்தான்.

கியர்பாக்ஸை இறக்கவே தேவைப்படவில்லை. புது சொலினாய்டு, ஃபில்டர், ஆயில் மாற்றி, கம்ப்யூட்டரில் பழைய பதிவுகளை அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தோம். ஆயிலில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல, உங்கள் கியர்பாக்ஸுக்குக் குறிப்பிட்ட ரகம்தான் வேண்டும். அளவையும் பெரும்பாலான வண்டிகளில் எஞ்சின் ஓடும்போது, அந்த வண்டிக்குச் சொன்ன வெப்பநிலையில்தான் பார்க்க வேண்டும்.

நேற்று இரண்டு மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டினேன். மூன்றிலிருந்து நான்குக்கு எப்போது மாறியது என்றே தெரியவில்லை. பட்டறையில் கட்டிய முன்பணத்தில் பாதிதான் திரும்ப வந்திருக்கிறது. 'பொருந்தாவிட்டால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும்' என்று ரசீதில் எழுதி வாங்காமல் விட்டுவிட்டேன். மீதிக்கு நாளைக்கும் போகிறேன்.