ஒன்பது நிமிடத்துக்கு ஒருமுறை

யோம் கிப்பூர் என்பது யூதர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் நோன்பிருக்கும் பெரிய நாள். கிப்பூர் அன்று நோயாளிக்குச் சாப்பிடக் கொடுப்பதில் பாவம் எதுவும் இல்லை. உயிருக்கு ஆபத்து என்றால் ஓய்வுநாளையும் மீறலாம், கிப்பூரையும் மீறலாம் என்பது யூதர்களின் சட்டத்தில் அடித்துச் சொல்லப்பட்ட விஷயம். மீறலாம் என்றுகூட இல்லை, மீறித்தான் ஆக வேண்டும். இஸ்ரேலில் ஒரு வீட்டில் தங்கி நான் பார்த்துக்கொண்ட பெரியவரைச் சபா என்று கூப்பிடுவேன், எபிரேயத்தில் தாத்தா. அதனால் சபாவுக்கு நான் அன்று கொடுத்த தேநீரைப் பற்றி எனக்கு ஒரு உறுத்தலும் கிடையாது. சாயங்காலம் அவர் ஒரு கேள்வி கேட்டார், நான் பதில் சொன்னேன். அதுதான் இன்னும் போகமாட்டேன் என்கிறது.

சபாவுக்கு இன்சுலின் போடும் அளவுக்குச் சர்க்கரை. ஞாபகமும் போய்க்கொண்டிருந்தது. காலையில் சாப்பிட்டது மத்தியானம் நினைவிருக்காது, ஆனால் ஜெப வசனங்கள் ஒன்றுவிடாமல் வரும். டாக்டர் நோன்பு கூடவே கூடாது என்றார். அவருடைய மகள் ரவ்விடம், அதாவது யூத மதகுருவிடம், போய்க் கேட்டாள். அவர் டாக்டர் சொல்வதுதான் சட்டம் என்று சொல்லிவிட்டு, ஒரு வழிமுறையும் கொடுத்தார். இங்கே வேலை பார்க்கிற பலருக்கு அது தெரிந்திருக்கும். ஒரு தடவைக்குச் சுமார் முப்பது கிராம் சாப்பாடு, குடிப்பது ஒரு பக்கத்துக் கன்னம் கொள்வதற்குக் கொஞ்சம் குறைவாக, அதாவது நாற்பது மில்லிக்குள். அப்புறம் ஒன்பது நிமிடம் இடைவெளி. பெரிய பேரீச்சம்பழம் ஒன்றின் அளவுக்குக் குறையாமல், குறிப்பிட்ட நேரத்துக்குள் சாப்பிட்டால்தான் நோன்பை முறித்த முழுக் குற்றம். அதற்குக் கீழே நிறுத்தி நிறுத்திக் கொடுத்தால் நோயாளியும் பிழைப்பார், நாளின் கனமும் கொஞ்சம் காப்பாற்றப்படும். இதிலும் சர்க்கரை ஏறவில்லை என்றால் கணக்குப் பார்க்காமல் வயிறு நிறையக் கொடு என்றும் ரவ் சொல்லியிருந்தார்.

மகள் ஹைஃபாவில் இருக்கிறாள். கிப்பூர் அன்று கார் ஓடாது, ரேடியோ டிவி கிடையாது, விமான நிலையமே மூடிக்கிடக்கும். நெடுஞ்சாலையில் பிள்ளைகள் சைக்கிள் விட்டுக்கொண்டிருப்பார்கள். ஆக வீட்டில் நானும் சபாவும் மட்டும். எனக்கு அது வேலைநாள். வருடத்துக்கு ஒன்பது பண்டிகை விடுமுறையை நம் மதப்படி எடுத்துக்கொள்ளலாம் என்பதால் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.

காலையில் விரலில் குத்திப் பார்த்தபோது எண்பதுக்குக் கீழே இருந்தது. இருமல் சிரப்போடு வரும் சின்ன பிளாஸ்டிக் கப்பை எடுத்து, முப்பத்தைந்து கோடு வரை சர்க்கரை போட்ட தேநீர் ஊற்றிக் கொண்டுபோனேன். வெள்ளை அங்கி போட்டு, காலில் ரப்பர் செருப்போடு உட்கார்ந்திருந்தார். அன்று தோல் செருப்பு ஆகாது.

"என்ன இது? இன்றைக்குக் கிப்பூர்."

"டாக்டர் சொன்னார் சபா. ரவ்வும் சொன்னார்."

"ரவ் சொன்னாரா? அப்போது சரி." குடித்தார். கப்பை என்னிடம் தரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போனில் அலாரம் வைத்தால் அவருக்கு ஆகாது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்பது நிமிடம் கழித்து மசித்த வாழைப்பழம். "என்ன இது? இன்றைக்குக் கிப்பூர்." மறுபடியும் முதலிலிருந்து. ரவ் சொன்னாரா, அப்போது சரி, முகத்தைத் திருப்பிக்கொள்வது. ஒரு மனிதருக்கு ஒரே கெட்ட செய்தியைக் காலை முழுக்கப் புதிது புதிதாகச் சொல்லிக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அவர் மறந்துவிடுகிறார், எனக்கு ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது. மத்தியானத்துக்கு மேல் காரணம் சொல்வதை விட்டுவிட்டேன். கப்பை நீட்டினேன், அவரும் கேட்காமல் வாங்கிக்கொண்டார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். தன் வாழ்நாளில் ஒரே ஒரு கிப்பூரில்தான் சாப்பிட்டதாக அவர் அடிக்கடி சொல்வார். 1973, அக்டோபர் 6. போர் தொடங்கிய நாள். மத்தியானம் இரண்டு மணிக்குச் சைரன் ஊதியது. ஜெப ஆலயத்திலிருந்து நேரே லாரியில் ஏறினார். அந்த லாரியில் யாரோ கொடுத்த ரொட்டி. அது உத்தரவு, அதனால் கணக்கில் வராது என்பார். மற்றபடி பதின்மூன்று வயதிலிருந்து ஒன்றுகூடத் தவறவில்லை.

சாயங்காலம் கீழே ஜெப ஆலயத்தில் நெயிலா நடந்துகொண்டிருந்தது. நாளின் கடைசி ஜெபம் அது. வானத்தின் வாசல்கள் அடைபடப் போகின்றன, அதற்குள் ஒரு தடவை என்று மன்றாடுவார்கள். பால்கனிக் கதவைத் திறந்துவைத்து அவரை அங்கே உட்கார வைத்தேன். முடிவில் ஷோஃபார் என்ற ஆட்டுக்கொம்பில் ஒரே ஒரு நீள ஊதல். கீழே நாற்காலிகளை நகர்த்தும் சத்தம், பிள்ளைகள் கத்தும் சத்தம். அப்போதுதான் என் கையைப் பிடித்துக் கேட்டார்:

"நான் நோன்பு இருந்தேனா?"

"கென், சபா." ஆமாம் என்று.

"முழுசா?"

"முழுசா."

இவ்வளவுதான் நடந்தது.

முதல் பதிலுக்கு என்னிடம் நியாயம் இருக்கிறது. சாப்பிட வேண்டிய நோயாளி சாப்பிட்டால் அவருக்கு அதுதான் கிப்பூரின் கடமை. 1848-ல் வில்னாவில் காலரா பரவியபோது ரவ் இஸ்ரேல் சலாந்தர் கிப்பூர் அன்று எல்லார் முன்னாலும் தானே சாப்பிட்டுக் காட்டினார் என்று ஒரு கதை உண்டு. நடந்ததா இல்லையா என்று சண்டை போடுகிறவர்களும் அதில் உள்ள சட்டத்தோடு சண்டை போடுவதில்லை. அப்படிப் பார்த்தால் சபா தன் நாளை ஒழுங்காகவே கடந்தார். "இருந்தேனா" என்றால் "இருந்தீர்கள்" என்பது பொய் இல்லை.

"முழுசா" என்பதற்குத்தான் வழி இல்லை. அங்கே நான் வாயை மூடியிருக்கலாம். "வாருங்கள், தண்ணீர் குடிக்கலாம்" என்று எழுப்பியிருக்கலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு யாரால் அது முடியும்? காலை முழுக்கத் திருப்பிக்கொண்ட முகம், இப்போது என்னை நேராகப் பார்த்துக் கேட்கிறது.

கீழ்வீட்டில் வேலை பார்க்கும் சேச்சியிடம் சொன்னேன். "பொய் பொய்தான் தம்பி, அதுவும் அவங்க பெரிய நாளிலே" என்றார். மகளிடம் சொன்னேன். "நல்லது செய்தாய்" என்றாள், மேற்கொண்டு பேச விருப்பமில்லாதவளாக. இரண்டுமே எனக்கு உதவவில்லை.

ஐந்து நாள் கழித்துச் சுக்கோத் வந்தது. நம் பைபிளில் கூடாரப்பண்டிகை. கட்டடத்துக்குப் பின்னால் பலகையும் துணியும் ஓலையும் வைத்துக் கூடாரம் போட்டார்கள். வந்தவர் போனவர் எல்லாரிடமும் சபா சொன்னார்: இந்த வயதில், இந்தச் சர்க்கரையில், முழு நோன்பு. இதோ இவனைக் கேளுங்கள். நான் தட்டு எடுத்துக்கொண்டிருப்பேன், தலையை ஆட்டுவேன். எதையும் பிடித்துவைக்காத அந்த ஞாபகத்தில், சொல்லிச் சொல்லியே இது மட்டும் ஒட்டிக்கொண்டது.

அடுத்த வருடம் அது என் தலையிலேயே விடிந்தது. டாக்டர் அதையே சொன்னார். சபா முடியாது என்றார். "போன வருடம் எனக்கு என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. சாட்சி இருக்கிறது." மகள் என்னைப் பார்த்தாள். நான் மாத்திரை டப்பாவைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் போன வருடக் கிப்பூரை அவரிடமிருந்து பிடுங்கிவிடுவேன். சொல்லாவிட்டால் இந்த வருடம் சர்க்கரை இறங்கி விழுவார்.

ரவ் வீட்டுக்கே வந்தார். எனக்குப் புரிகிற எபிரேயத்தில் மெதுவாகத்தான் பேசினார். மிஷ்னா என்ற அவர்களுடைய பழைய சட்டத் தொகுப்பில், யோமா என்ற பகுதியில் இருக்கிறது: நோயாளிக்கு விவரம் தெரிந்தவர்கள் சொல்படி ஊட்டு, அப்படி யாரும் இல்லாவிட்டால் அவர் சொல்படியே ஊட்டு. நோயாளி எனக்கு வேண்டும் என்று சொன்னால், டாக்டர் வேண்டாம் என்றாலும் நோயாளி பேச்சுத்தான் நிற்கும். "இருதயத்தின் கசப்பு இருதயத்துக்கே தெரியும்" என்ற நீதிமொழியைத்தான் அதற்கு ஆதாரம் காட்டுகிறார்கள். ஆனால் டாக்டர் வேண்டும் என்று சொல்லி நோயாளி வேண்டாம் என்றால், அங்கே நோயாளி பேச்சு எடுபடாது. சபா மறுபடியும் என்னைக் கைகாட்டினார். ரவ் என் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் சொன்னபடிதான் செய்தேன், ரவ்" என்றேன்.

அவருக்கு விளங்கிவிட்டது. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "73-ல் உத்தரவு ராணுவத்திடமிருந்து வந்தது. இந்த வருடம் டாக்டரிடமிருந்து வருகிறது" என்றார் சபாவிடம். சபா ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சரி என்றார். போன வருடத்தைப் பற்றி யாரும் ஒன்றும் திருத்தவில்லை. ரவ்வே திருத்தவில்லையே என்று அன்று இரவு எனக்கு ஆறுதலாக இருந்தது. அப்புறம் யோசித்தால், அவர் சொல்லாமல் விட்டார், நான் சொன்னேன். இரண்டும் ஒன்றாகாது.

ஆகாதா? ஓடக்கூடியவனாக இருந்தால், கடவுள் சொன்ன வேலையை விட்டு ஓடிய பைபிள் தீர்க்கதரிசி யோனா மாதிரி ஓடியிருப்பேன். யோனாவின் புத்தகத்தைத்தான் கிப்பூர் மத்தியானம் வாசிப்பார்கள்.

கிப்பூருக்கு முந்தின நாள் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்பது வழக்கம். கடவுளுக்கு எதிராகச் செய்ததை அந்த நாள் தீர்க்கும், மனிதனுக்கு மனிதன் செய்ததை அந்த மனிதனைச் சமாதானப்படுத்தாமல் தீர்க்காது. அதுவும் அதே யோமாவில் இருக்கிறது. சபா போனில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டு முடித்து, கடைசியில் என் கையைப் பிடித்தார். கோபத்தில் ஏதாவது பேசியிருந்தால் மன்னித்துக்கொள் என்றார். முதலாளி கேட்கிறார், எனக்குக் கூச்சமாகிவிட்டது. மன்னித்தேன் என்றேன். "என்னையும் மன்னியுங்கள், சபா."

"எதற்கு?"

"எல்லாவற்றுக்கும்."

சிரித்தார். மன்னித்தேன், மன்னித்தேன், மன்னித்தேன் என்று மூன்று தரம் சொன்னார்.

எதை மன்னித்தோம் என்று தெரியாமல் கொடுத்த மன்னிப்பு செல்லுமா? அந்த நீதிமொழிக்கு இரண்டாம் பாதி ஒன்று உண்டு. இருதயத்தின் மகிழ்ச்சிக்கு அந்நியன் உடந்தையாகான் என்று. நான் அந்த வீட்டில் அந்நியன்தான், விசாவிலேயே எழுதியிருக்கிறது. ஆனாலும் உடந்தையாகிவிட்டேன். அதை நினைத்தால் சில நாள் பெருமையாகக்கூட இருக்கிறது, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த வருடக் கிப்பூர் முழுக்கக் கப்பைக் கேள்வி இல்லாமல் வாங்கிக் குடித்தார். சாயங்காலமும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவரை மகள் தன் ஊருக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தாள், எனக்கு வேறு வீடு கிடைத்தது.

புதிதாக வருகிற பையன்களுக்கு இப்போது நான்தான் இதெல்லாம் சொல்லிக்கொடுக்கிறேன். கப், முப்பத்தைந்து கோடு, கடிகாரம். நோன்பு இருந்தேனா என்று கேட்டால், "சட்டப்படி இருந்தீர்கள்" என்று சொல், அது பொய் இல்லை என்கிறேன். போன மாதம் மார்த்தாண்டத்துப் பையன் ஒருவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "முழுசாவா என்று கேட்டால் என்ன சொல்ல அண்ணே?" என்றான். அப்படியெல்லாம் கேட்கமாட்டார்கள் என்று சொல்லி, காப்பி போடப் போய்விட்டேன்.