காது ஆபரேஷனுக்குப் போய் நாக்கைத் தொலைத்த கதை

ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்ததும் அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன்டா, வாய் ஒரு பக்கமா இழுக்குது?" என்றாள். தண்ணீர் குடித்துப் பார்த்தேன், வலது ஓரமாக வழிந்தது. வலது கண்ணும் முழுதாக மூடவில்லை. முக நரம்பு காதுக்குள் வழியாகத்தான் ஓடுகிறது, அதில் பட்டால் முகம் கோணிவிடும் என்று முதல் நாள் இரவுதான் போனில் படித்திருந்தேன். படித்திருக்கக் கூடாது.

நர்ஸைக் கேட்டால் "டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார்" என்ற ஒரே பதில்தான். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்த டியூட்டி டாக்டர், கண்ணை மூடு, பல்லைக் காட்டு என்று பார்த்துவிட்டுச் சிரித்தார். காதை மரத்துப்போக வைக்கப் போட்ட ஊசி மருந்து நரம்பு வரை ஊறியிருக்கிறது, சில மணி நேரத்தில் சரியாகும் என்றார். இரவு இட்லி வருவதற்குள் கண் மூடியது. இதை ஊசி போடும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அக்காவுக்கு பிரஷர் ஏறியிருக்காது. உங்களுக்கு இப்படி ஆனால் "ஊசிதான்" என்று நீங்களாகவே முடிவு கட்டாதீர்கள். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று குறித்துக்கொண்டு உடனே டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எனக்குச் செவிப்பறையில் ஓட்டை, சின்ன வயதில் சீழ் வடிந்த மிச்சம். காதுக்குப் பின்னால் வெட்டாமல், காதுத் துளை வழியாகவே எண்டோஸ்கோப்பை (விளக்கும் கேமராவும் உள்ள மெல்லிய குழாய்) விட்டு ஒட்டுப் போடலாம் என்றார்கள். ஒட்டு, காதுத் துளைக்கு முன்னால் துருத்திக்கொண்டிருக்கிறதே, அந்தக் குருத்தெலும்பிலிருந்து எடுத்தது.

ஆபரேஷனுக்கு முதலில் கொடுத்த தேதிக்கு விடியற்காலை பஸ் பிடித்துப் போனேன். காதில் ஈரம் இருக்கிறது, காய்ந்த பிறகு வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் முன்பு தலைக்குக் குளித்தபோது பஞ்சு வைக்க மறந்தது என் தப்பு. இரண்டாம் தடவை காது காய்ந்திருந்தது, ஆனால் ஆடியோகிராமில், அதாவது கேட்கும் திறனைச் சோதித்த தாளில், சீல் இல்லையாம். காப்பீட்டு கவுண்ட்டரில் இருந்தவர் தாளைத் தூக்கிப் போட்டார். அந்த டெஸ்ட் எடுத்த இடத்துக்கே ஓடி சீல் வாங்கி வந்தேன். அதை ஜெராக்ஸ் எடுத்துக் கையில் வைத்திருப்பது நல்லது. ஆபரேஷனுக்குப் பிறகு கேட்கும் திறன் குறைந்ததா கூடியதா என்று ஒப்பிட அது ஒன்றுதான் ஆதாரம்.

சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. "இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு." நான் அடம்பிடித்துத் தமிழில் சொல்லச் சொன்னேன். ஒட்டு பிடிக்காமல் போகலாம், தலைசுற்றல் வரலாம், அபூர்வமாகக் கேட்பதே போகலாம், உள்ளே நோய் பரவியிருந்தால் காதுக்குப் பின்பக்கமும் திறப்போம் என்றார்கள். டாக்டரிடம் நானே கேட்டதில் இன்னொன்றும் தெரிந்தது: ஒரு கை எண்டோஸ்கோப்பைப் பிடித்திருப்பதால் வேலை செய்ய மறு கைதான் மிச்சம், ரத்தம் கசிந்தால் அதன் முனைக் கண்ணாடி மறைந்துவிடும். விளக்கின் சூடும் உள்ளே படக் கூடாது என்று வெளிச்சத்தைக் குறைத்தே வைப்பார்களாம். இவ்வளவு பொறுமையாகச் சொன்னவர் நாக்கைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை.

மறுநாள் காலை காபி ஆணியைச் சப்புவது போல இருந்தது. டம்ளரை மாற்றிப் பார்த்தோம், பாலை மாற்றிப் பார்த்தோம். கடைசியில் டாக்டரைக் கேட்டால், சுவை கொண்டுபோகும் நரம்பு ஒன்று செவிப்பறைக்குப் பின்னால் குறுக்கே போகிறதாம். வழி விடுவதற்காக அதை நகர்த்தியதில் இழுபட்டிருக்கிறது, பெரும்பாலும் சில மாதத்தில் தேறிவிடும் என்றார். அன்று அவரே நெற்றியில் அதிர்வுக் கவையை (தட்டினால் ரீங்கரிக்கும் இரும்புக் கவை, டியூனிங் ஃபோர்க்) வைத்து எந்தக் காதில் கேட்கிறது என்றார். ஆபரேஷன் செய்த காதில் என்றேன். முகம் மலர்ந்தது. அடைத்திருக்கும் காதுக்கே சத்தம் இழுத்தால் உள்காது பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தமாம்.

அப்புறம் வீட்டில் மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மினால் வாயைத் திறந்துதான். வாஸலைன் தடவிய பஞ்சு இல்லாமல் குளியல் இல்லை.

மூன்றாம் மாதம் ஒட்டு பிடித்துவிட்டது, ஆடியோகிராமும் தேறியிருந்தது. அன்று அக்கா வீட்டு ரசத்தில் உப்பு கம்மி என்றேன். மற்ற எல்லோருக்கும் சரியாகத்தான் இருந்ததாம்.