மூன்று மேசை, மூன்று தாள்

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரி வரிசையைப் பற்றித் திருவொற்றியூர்க்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சாலையை ஒட்டிய தெருக்களில் பிஎம் 2.5 நுண்தூசியை அளப்பதுதான் என் ஆய்வு. அளந்துவிட்டேன். அதைச் சொல்லப் போன இடத்தில்தான் சறுக்கினேன்.

முதலில் ஒரு அரசு அலுவலகம். கையில் நாற்பது ஸ்லைடு. 24 மணி நேரச் சராசரிக்கு உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வகுத்த அளவு கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராம் என்றேன். "நமக்கு 60 தானேம்மா?" என்றார் அதிகாரி. 2009 முதல் நம் நாட்டு வரம்பு அதுதான். அவர் கோப்பில் எழுத முடிந்த எண்ணும் அதுதான். பதினைந்தா அறுபதா என்பதிலேயே நேரம் போனது. கடைசியில், "சரி, நான் என்ன செய்யணும்?" என்றார். அதற்கு என்னிடம் ஸ்லைடு இல்லை.

வெளியே வரும்போது அங்கிருந்த எழுத்தர் சொன்னார்: "லாரி நிக்கிறது டிராபிக் போலீஸ், காத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தெரு பெருக்குறது மாநகராட்சி. மொத்தத்தையும் ஒரே மேசையில கொட்டுனா யாரும்மா எடுப்பாங்க?"

மூன்றாகப் பிரித்தேன், ஆளுக்கு ஒரு பக்கம். மாநகராட்சிக்குச் சாலையோர மண். போலீசுக்கு, இன்ஜினை அணைக்காமல் லாரிகள் நிற்கும் நேரம். வாரியத்துக்கான தாளில் முதல் பத்தியே எங்கள் கருவியின் குறைதான்: மலிவு விலை சென்சார், கடற்காற்றில் ஈரம் ஏறினால் கூட்டிக் காட்டும், அதை இப்படித் திருத்தினோம். "நம்ம குறையை நாமளே சொல்லணுமா?" என்றார் என் வழிகாட்டி. அதைப் படித்த பிறகுதான் வாரியப் பொறியாளர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

தெருவுக்கு வரைபடத்தோடு போனது இன்னொரு அசட்டுத்தனம். மீன் விற்கும் அக்கா ஒருவர் எட்டிப் பார்த்தார். "காயப்போட்ட துணியில கரி படியுது, அத்தப் பாத்தா தெரியாதா? எத்தினி மணிக்குப் புள்ளைய உள்ள வெச்சுக்கணும், அத்தச் சொல்லும்மா."

நாள் சராசரிகளை மட்டுமே போட்டு வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மணிவாரியாகப் பிரித்துக் கணக்கிட இரண்டு வாரம் ஆனது. போலீசுக்கான தாளில் இப்போது முதல் வரி அந்த மணிக் கணக்குதான்.