தேயிலைக்காரர் பழமொழி, கேரட்காரர் பழமொழி

பழமொழி சொல்லாமல் பெரியப்பாவுக்கு ஒரு டீ இறங்காது. நீலகிரி மாவட்டத்தில் கோத்தகிரிப் பக்கம் சின்னதாகத் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறார். மாதாமாதம் டீ போர்டு பச்சைத் தேயிலைக்கு அறிவிக்கும் சராசரி விலையைக் கேட்டதும் முகம் வாடும். ஆனாலும் "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்பார். மச்சான் கேத்தியில் குத்தகை நிலத்தில் கேரட் போடுகிறவர். "காற்றுள்ளபோதே தூற்றிக்கணும் மாமா. அந்தச் செடியையெல்லாம் பிடுங்கிப் போடுங்க" என்று உடனே பதில் வரும்.

இதில் யார் பக்கம் சேர்வது? இருவருக்கும் பழமொழி சொல்லிக்கொடுத்ததே அவரவர் பயிர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. தேயிலையை ஒருமுறை நட்டால் பேரன் காலம் வரை நிற்கும். நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை கவாத்து வெட்டினால் சில மாதம் இலையே கிடையாது, வெறும் குச்சிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அப்படியே வாழ்ந்தவர் வாயில் பொறுமையைத் தவிர வேறென்ன வரும்? கேரட் மூன்று, நான்கு மாதப் பயிர். பிடுங்கி, மெஷினில் கழுவி, லாரி ஏற்றி, மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்ச் சேரும் அன்று என்ன விலையோ அதுதான். மச்சானிடம் போய்ப் 'பொறு' என்றால் அடிக்க வருவார்.

சரி, மழைப் பழமொழியிலாவது சண்டை இல்லாமல் இருக்கக் கூடாதா? "ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை" எங்கள் கோத்தகிரிக்கு அப்படியே பொருந்தும். இங்கே வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. தேவாலாவில் வாழ்க்கைப்பட்ட தங்கையிடம் சொன்னால் சிரிக்கிறாள். அங்கே ஆனி, ஆடியிலேயே தென்மேற்கு மழை கொட்டித் தீர்த்துவிடும். இத்தனைக்கும் ஒரே மாவட்டம்!

"தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்பதை மட்டும் யாரும் மறுத்து நான் கேட்டதில்லை. ஆனால் எங்களுக்கு மச்சைப் பற்றிக் கவலை இல்லை, பள்ளத்தைப் பற்றித்தான். குளிர்ந்த காற்று கீழே இறங்கித் தேங்குவதால், உறைபனி விழுந்த காலையில் பள்ளத்துத் தேயிலைதான் முதலில் கருகிக் கிடக்கும். பெரியப்பாவின் தோட்டத்தில் பாதி பள்ளம்தான்.

போன மாதம் கேரட் விலை ஏறியது. கீழ்ப்பக்கத் தேயிலையை எடுத்துவிட்டுக் கொஞ்சம் கேரட் போட்டுப் பார்க்கலாமா என்று பெரியப்பாவே மெதுவாகக் கேட்டார். மச்சான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அகலக்கால் வைக்காதீங்க மாமா" என்றார். அப்புறம் விதை விலை, ஆள் கூலி, காட்டெருமைத் தொல்லை என்று நீளமாகச் சொல்லிக்கொண்டே போனார்.