ராசனும் தம்பித்துரையும்

நவம்பர் 17, 2013
எலியை இன்றும் தொடவில்லை. வெந்நீரில் உருக வைத்து, இடுக்கியால் வாலில் பிடித்து முகத்துக்கு முன்னால் ஆட்டினேன். ராசன் நாக்கை இரண்டு தரம் நீட்டினான், பிறகு தலையை உள்ளே செருகிக்கொண்டு பந்தாகிவிட்டான். மகனுக்குப் போன் எடுத்தேன். "ஆண் 'போல் பைத்தான்' பாம்பு விண்டரில் மாதக்கணக்காகச் சாப்பிடாதம்மா. நிறையை மட்டும் பாருங்கோ, பத்தில் ஒரு பங்கு குறைஞ்சால் யோசிப்பம்." வோட்டர்லூவில் இருந்துகொண்டு சொல்லலாம்தான்.

1,480 கிராம். குசினித் தராசில் நிறுத்தேன். இவருக்குச் சொல்லவில்லை.

நவம்பர் 20
அழைப்பு இல்லை.

நவம்பர் 24
எங்கள் பியர்டட் டிராகன் ஓணான் தம்பித்துரையின் தாடி காலையிலிருந்து கரிக்கறுப்பு. வாயைத் திறந்து, தொண்டையை ஊதி, ஒரே கோபம். சூடு சரி, விளக்கு சரி. கடைசியில் பார்த்தால் கதவில் தொங்கிய இவருடைய கறுப்பு ஜாக்கெட்! எடுத்து அலுமாரிக்குள் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் தாடி மஞ்சளாயிற்று.

பின்னேரம் மகன் வேறொரு பியர்டட் டிராகனின் வீடியோ அனுப்பினான். போனைக் கண்ணாடியில் வைத்துக் காட்டினேன். படபடவென்று தலையாட்டினான். 'இது என் இடம்' என்று அர்த்தமாம். கொஞ்சம் பொறுத்து, ஒரு முன்னங்கையைத் தூக்கி மெதுவாக வட்டம் போட்டான். அது 'நான் சண்டைக்கு வரவில்லை' என்பதாம். ஒரு நிமிடத்துக்குள் இரண்டும்! ஊரில் வேலி ஓணான் தலையாட்டினால் நக்கலடிக்கிறது என்று பெடியள் கல்லெறிவார்கள். பாவம், அது தன் காணிக்கு உறுதி காட்டியிருக்கிறது.

டிசம்பர் 2
இரவு இரண்டு மணி. எனக்கும் நித்திரை இல்லை, ராசனுக்கும் இல்லை. மூக்கால் கண்ணாடியின் விளிம்பைத் தள்ளித் தள்ளி, மூலைக்கு மூலை அலைகிறான். தண்ணீர் மாற்றக் கதவைத் திறந்தேன், சீறினான். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சீறாத பிள்ளை.

நான் என்ன செய்தேன் என்று விடியும் வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 4
கண் நீலம் பாய்ந்து பால் போலக் கிடக்கிறது. தோல் கழற்றப் போகிறான். பழைய தோலுக்கும் புதிதுக்கும் இடையில் நீர் கோர்ப்பதால் பார்வை மங்குமாம். மங்கலில் ஒரு கை உள்ளே வந்தால் நானும் சீறுவேன். ஃபர்னஸ் ஓடி ஓடி வீட்டுக் காற்று காய்ந்துவிட்டது, ஈரப்பதம் 35 காட்டியது. அறுபதாவது வேண்டும். பாசியை நனைத்து டப்பாவில் வைத்தேன்.

அழைப்பு இல்லை. நானே எடுத்துக் கேட்டேன். வரிசையில் இருக்கிறதாம்.

டிசம்பர் 9
முழுசாகக் கழற்றிவிட்டான். காலுறை உரித்த மாதிரி உள்பக்கம் வெளியே திரும்பிக் கிடந்தது, இன்னும் ஈரம் போகவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இமை இல்லாத கண்ணுக்கு மேலே இருந்த கண்ணாடித் துண்டுகள் இரண்டும் தோலோடு வந்திருந்தன. ஒன்று உள்ளே தங்கினாலும் வில்லங்கம். சந்தோஷத்தில் இவரை எழுப்பிக் காட்டினேன். அதற்கா எழுப்பினாய் என்றார்.

எலி? இல்லை. 1,462.

டிசம்பர் 11
மேல்வீட்டு மாமி வந்தா. ஆகஸ்டில் நியூ பிரன்ஸ்விக்கில் இரண்டு சிறுவர்கள் இறந்ததைச் சொல்லிச் சொல்லிப் பயந்தா. அது ஆபிரிக்கப் பாறை மலைப்பாம்பு, பதினைந்து அடிக்கு வளரும் சாதி, எங்களுடையது ஐந்து அடியைத் தாண்டாது என்றேன். "பாம்பு பாம்புதானே, பிள்ளை." ஓம் மாமி.

டிசம்பர் 16
தம்பித்துரை மத்தியானமே மரக்கட்டைக்குக் கீழே போய்ப் படுத்துவிடுகிறான். தொட்டால் ஒரு கண்ணை மட்டும் திறக்கிறான். குளிர்கால உறக்கம். விளக்குக்கு டைமர் போட்டு கோடைப் பகல்தான் காட்டுகிறோம். இவன் சாதி அவுஸ்திரேலிய நடுநிலத்துச் சாதி, அங்கே இப்போது கோடை. ஸ்காபரோவில் விண்டர் என்று இவனுக்கு யார் சொன்னது?

பொறாமையாக இருக்கிறது.

டிசம்பர் 22, ஞாயிறு
விடிய முன்னமே கரண்ட் போய்விட்டது. உறைமழை. மரமெல்லாம் கண்ணாடி பூசி நிற்கிறது, கிளைகள் துப்பாக்கி வெடித்த மாதிரி முறிந்து விழுகின்றன. மூன்று லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லையாம். ஃபர்னஸும் இல்லை.

ராசனைத் தலையணை உறைக்குள் போட்டு, முடிந்து, என் கோட்டுக்குள் வைத்திருக்கிறேன். மெல்ல ஊர்ந்து ஊர்ந்து அக்குளைக் கண்டுபிடித்துவிட்டான். அங்கே அசையாமல் கிடக்கிறான். "வேலியில் போன ஓணானை மடியில் விட்ட கதை" என்றார் இவர். ஓணானுக்கு ஒன்றும் இல்லை, அது பெட்டியில் நித்திரை.

ஒன்று யோசித்தேன். உடம்பு குளிர்ந்தால் எலி செரிக்காது, வயிற்றில் அழுகிவிடும், கக்குவான். இத்தனை நாள் வெறும் வயிறாகக் கிடந்தது நல்லதாகப் போயிற்று. அவனுக்கு முன்கூட்டியே தெரிந்தது என்று நான் சொல்ல வரவில்லை. இவர் சொல்கிறார்.

டிசம்பர் 23
வீட்டுக்குள் 14 பாகை. போன் சார்ஜ் இல்லை. அழைத்திருந்தால்?

டிசம்பர் 24
மிசிசாகா, தங்கச்சி வீடு. கரண்ட் இருக்கிறது. பாம்பு கராஜில்தான் இருக்க வேண்டும் என்றாள். கராஜ் குளிர் என்றேன். கதைக்காமல் தன் ஹீட்டரைத் தூக்கிவந்து சலவை அறையில் வைத்தாள், பிறகு கதவிடுக்கில் துவாய் அடைத்தாள்.

ஜனவரி 3, 2014
திரும்பி வந்தாயிற்று. இரவு நிலத்துக்குள் டமார் என்று ஒரு சத்தம், வீடே அதிர்ந்தது. மண்ணுக்குள் நீர் உறைந்து வெடிக்கிறதாம், ரொறன்ரோ முழுக்கக் கேட்டிருக்கிறது. நான் எழுந்து ஓடினேன். ராசன் தாடையைத் தரையில் பதித்து, கழுத்தை 'எஸ்' மாதிரி வளைத்துக்கொண்டிருந்தான். பாம்பு தரை அதிர்வைத் தாடை எலும்பால் வாங்கும். அவனுக்கு எனக்கு முன்னமே தெரிந்திருக்கும்.

எலி இல்லை. 1,449.

ஜனவரி 7
வெளியே மைனஸ் 20க்கும் கீழே. பத்தரைக்கு அழைப்பு வந்தது. வியாழக்கிழமை, காலை ஏழு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். எத்தனை நாள் என்று சொல்லவில்லை.

இவருக்கு எழுதி வைக்க வேண்டியவை: முதலில் வெறும் டப்பாவைத் தராசில் வைத்துப் பூச்சியம் ஆக்க வேண்டும், பிறகு ராசன். எலியைத் தொட்ட கையைக் கழுவாமல் பெட்டிக்குள் விடக் கூடாது, கையும் எலியாகத்தான் மணக்கும். சாப்பிட்டால் இரண்டு நாள் தூக்கக் கூடாது. தம்பித்துரையை எழுப்ப வேண்டாம். அந்த ஜாக்கெட்டை