வெள்ளம் புகுந்த வீட்டில் பூஞ்சை: பொங்கலுக்குள் பெயின்ட் அடிக்க அவசரப்படாதீர்கள்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் பெருகிக் கடலூர்ப் பக்கமும் ஊருக்குள் வந்தது. ரோடு உயர உயரப் பள்ளமாகிவிட்ட வீடுகளில் தண்ணீர் தானாக வடியாது. அந்த வீடுகளைச் சரிசெய்தபோது பார்த்தோம்: பூஞ்சை திரும்பி வந்த இடத்திலெல்லாம் குறை கழுவியதில் இல்லை, காயவிடாததில்தான் இருந்தது.

முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அதைத் தொடவே தண்ணீரில் நிற்க வேண்டியிருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். தரைக்குக் கீழே அறை இருந்தால் மோட்டார் போட்டு ஒரே மூச்சில் இறைக்காதீர்கள். வெளியே மண் ஊறிக்கிடக்கும்போது உள்ளே காலியானால் சுவரும் தரையும் வெடிக்கும். ஒரு நாளைக்கு ஓரடி, இரண்டடியாகக் குறையுங்கள்.

சேறு இறுகுவதற்குள் அள்ளிவிடுங்கள். ஈரம்பட்ட பொருளில் 24 முதல் 48 மணி நேரத்தில் பூஞ்சை தொடங்கிவிடும். செப்டிக் டேங்க் கலந்த தண்ணீரில் நனைந்த பஞ்சு மெத்தை, தலையணை, உப்பிப்போன பார்ட்டிகிள் போர்டு அலமாரி எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். தேக்குச் சாமான்களைக் கழுவி நிழலில் காயவைத்தால் தப்பும்.

சுவரில் வெள்ளையாகப் பூத்ததெல்லாம் பூஞ்சை இல்லை. தண்ணீர் தெளித்தால் உப்பு கரையும், பூஞ்சை கரையாது. பூஞ்சையை உலர்ந்த நிலையில் சுரண்டினால் வீடு முழுக்கப் பறக்கும். என்95 மாஸ்க், கையுறை போட்டு, நனைத்துவிட்டு, சோப்புத் தண்ணீரால் தேய்த்து எடுங்கள். திரவ பிளீச் டைல்ஸுக்குச் சரி, 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கப்புக்கு மேல் வேண்டாம். சிமென்ட் பூச்சில் ஊற்றினால் கறை வெளுக்குமே தவிர, உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். டாய்லெட் ஆசிட்டோடு பிளீச் சேரவே கூடாது, உயிருக்கே ஆபத்தான குளோரின் வாயு கிளம்பும்.

தண்ணீர்க் கறைக்கு மேலே ஒன்று, ஒன்றரை அடி வரை ஓதம் (சுவர் உறிஞ்சிய ஈரம்) ஏறியிருக்கும். அந்த உயரம் வரை பெயின்டையும் அதற்கு அடியில் பூசிய பட்டியையும் (புட்டி) சுரண்டி எடுங்கள். தட்டினால் பொத்தென்று கேட்கும் பூச்சைக் கொத்திவிடுங்கள்.

அடுத்தது காயவைப்பது. மார்கழிப் பனியில் ராத்திரி ஜன்னல் திறந்துவைத்தால் ஈரம் உள்ளேதான் வரும். வெயில் ஏறியபின் திறந்து, சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் சாத்துங்கள். மழை நாளில் ஏசியை டிரை மோடில் ஓட்டலாம். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருப்பதை நம்பக் கூடாது. ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் பட்டி பார்க்க வேளை வரவில்லை. வாரக்கணக்கில் ஆகலாம்.

பொங்கல் நெருங்கும்போது இந்தப் பொறுமை போய்விடுகிறது, எங்களுக்கு அதுதான் வருத்தம். ஈரச் சுவரில் எமல்ஷன் பெயின்ட் அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்புளித்து உரியும். வீடு வெளிச்சமாக இருந்தாக வேண்டும் என்றால் சுண்ணாம்பு அடியுங்கள். அது ஈரத்தை வெளியே விடும், அதன் காரத்தில் பூஞ்சையும் எளிதில் பிடிக்காது. புதுவையின் பழைய சுண்ணாம்புக் காரை வீடுகளுக்கு என்றைக்குமே அதுதான் பொருத்தம், சிமென்ட் பூசிவிடாதீர்கள். பீரோவைச் சுவரோடு ஒட்டாமல் நாலு அங்குலம் தள்ளிப் போடுங்கள்.