ப்ராஜெக்ட் எழுதும் ஜூனியர்களுக்கு: ரெஃபரன்ஸ் போடுவது பற்றி

ஐசிஎம்ஆர் எஸ்டிஎஸ் (மருத்துவ மாணவர்களுக்கான குறுகிய கால ஆராய்ச்சித் திட்டம்) ப்ராஜெக்ட் எழுதும் ஜூனியர்கள் என்னிடம் முதலில் கேட்பது, கமா எங்கே, புள்ளி எங்கே என்பதைத்தான். அதற்கு அதிக நேரம் வேண்டாம். மருத்துவ இதழ்கள் பெரும்பாலும் கேட்பது வான்கூவர் முறை. கட்டுரையில் வரும் வரிசைப்படி எண். அதே ஆதாரம் மறுபடி வந்தால் அதே எண். ஆசிரியர்கள் ஆறு பேருக்கு மேல் என்றால் முதல் ஆறு பேரைப் போட்டு 'எட் ஆல்' (மற்றும் பிறர்). இதழின் பெயருக்கு, மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையதளமான பப்மெட்டில் உள்ள சுருக்கம். ஜொடீரோ என்ற இலவச மென்பொருளை லேப்டாப்பில் போட்டுக்கொண்டால் இதையெல்லாம் பெரும்பாலும் அதுவே பார்த்துக்கொள்ளும். நடுவில் ஒரு பத்தி சேர்த்தாலும் எண்கள் தானாக மாறிவிடும்.

சரி, ஜொடீரோவால் முடியாத வேலை ஒன்று இருக்கிறது. நாம் எழுதிய வரியை அந்தக் கட்டுரை உண்மையிலேயே சொல்கிறதா என்று பார்ப்பது. சென்னையில் நான் படித்தபோது எனக்கு கைடாக இருந்த மேடம், டிராஃப்டை நீட்டியதும் ஏதாவது ஓர் எண்ணைத் தொட்டு, "இந்த வரி அந்தப் பேப்பர்ல எங்கப்பா இருக்கு, காட்டு" என்பார். பக்கத்தையோ டேபிளையோ உடனே திறந்து காட்ட வேண்டும். அதற்காகவே, எந்த வரியை எடுக்கிறேனோ அதைப் பக்க எண்ணோடு ஜொடீரோவின் நோட்டில் எழுதிவைக்கப் பழகினேன். இன்றைக்கும் விடவில்லை.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 1980-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஐந்தே வாக்கியத்தில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் சேர்ந்திருந்தவர்களில் ஓபியாய்டு (மார்ஃபின் போன்ற வலி நிவாரணி) மருந்து பெற்றவர்கள் 11,882 பேர். முன்பு போதைப் பழக்கம் இல்லாதிருந்து, பிறகு அடிமையானதாகப் பதிவானவர்கள் நான்கு பேர். அவ்வளவுதான் செய்தி. வீட்டுக்கு மாத்திரை வாங்கிப்போய் மாதக்கணக்கில் சாப்பிடுபவர்களைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. அந்தக் கடிதம் 608 முறை மேற்கோள் காட்டப்பட்டிருப்பதாக 2017-ல் அதே இதழில் கணக்கு வந்தது. அதில் சுமார் 80 சதவீதம் பேர், அது உள்நோயாளிகளைப் பற்றியது என்பதையே குறிப்பிடவில்லை. ஐந்து வாக்கியத்தைப் படிக்க ஒரு நிமிடம் ஆகுமா? வட அமெரிக்காவின் ஓபியாய்டு நெருக்கடிக்கு இந்த மேற்கோள்களும் ஒரு காரணம் என்று அந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

நம் ஊர் விஷயத்துக்கே வருவோம். காசநோய்க்கு வீட்டிலிருந்தே சிகிச்சை பெறலாம் என்பதை நிறுவிய ஆய்வு சேத்துப்பட்டில் நடந்தது. கம்யூனிட்டி மெடிசின் வைவாவில் எல்லோரும் சொல்வோம். ப்ராஜெக்ட்டில் எழுதும்போது 'பார்க்' பாடப்புத்தகத்தின் எண்ணைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். பாடப்புத்தகம் வழிகாட்டும், அதைப் பிடித்துக்கொண்டு மூலத்துக்குப் போக வேண்டும். மூலம் 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் வந்தது: தொகுதி 21, பக்கம் 51 முதல் 144 வரை. ஆசிரியர் இடத்தில் ஆள் பெயர் கிடையாது, டியூபர்குலோசிஸ் கீமோதெரபி சென்டர் என்ற நிறுவனத்தின் பெயர்தான் வரும். அங்கே போய்ப் பார்த்தால்தான், ஐஎன்ஹெச், பிஏஎஸ் என்ற இரண்டு காசநோய் மருந்துகளையும் சேர்த்து ஓராண்டு கொடுத்து, வீட்டில் இருந்தவர்களையும் சானடோரியத்தில் இருந்தவர்களையும் ஒப்பிட்டார்கள் என்பதெல்லாம் தெரியும். இன்றைய மருந்துத் திட்டத்துக்கு அதை அப்படியே ஆதாரமாக்கக் கூடாது என்பதும் அப்போதுதான் உறைக்கும். மூலம் கிடைக்கவே இல்லையா? படித்தது பாடப்புத்தகத்தில் என்றால் பாடப்புத்தகத்தையே போடுங்கள், பதிப்பு எண்ணோடு. படிக்காத கட்டுரையைப் படித்ததுபோல் காட்டாதீர்கள்.

சாட்ஜிபிடி தரும் ரெஃபரன்ஸ் பட்டியலை அப்படியே ஒட்டவே ஒட்டாதீர்கள். தலைப்பு, இதழ், ஆண்டு எல்லாம் கச்சிதமாக இருக்கும், கட்டுரை மட்டும் உலகத்திலேயே இருக்காது. ஒவ்வொன்றையும் பப்மெட்டில் தேடி, டிஓஐ எண்ணை (கட்டுரைக்கான நிலையான இணைய அடையாள எண்) திறந்து பாருங்கள். அப்படியே 'ரிட்ராக்டட்' (திரும்பப் பெறப்பட்டது) என்று பட்டை போட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். எம்எம்ஆர் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்ட 1998-ம் ஆண்டு லான்செட் கட்டுரை 2010-ல்தான் திரும்பப் பெறப்பட்டது.

அப்புறம், நம் பெயர்கள். இனிஷியல் முன்னால் போடுகிற நம் வழக்கத்தால், ஒரே ஆசிரியர் ஒரு கட்டுரையில் தன் பெயரிலும் இன்னொன்றில் அப்பா பெயரிலும் பதிவாகியிருப்பார். சரியாகத் தெரிந்தாலும் நீங்களாக மாற்றாதீர்கள். அந்தக் கட்டுரை பப்மெட்டில் எந்தப் பெயரில் இருக்கிறதோ அதையே போடுங்கள். தேடுகிறவருக்கு அப்போதுதான் கிடைக்கும்.